ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை

மெல்போர்னிலிருந்து இந்த முறை நான் போனது கும்பகோணம் வீட்டுக்கு இல்லை, சென்னை ஆஸ்பத்திரிக்கு. அண்ணனுக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முதல் சில மாதம் ஆஸ்பத்திரியை விட்டுத் தூரம் போகக் கூடாது என்பதால், அண்ணி பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்திருந்தார்.

2008-இல் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயத்தைத் தானமாக ஏற்றிச் சென்ற வண்டிக்குச் சென்னையே வழிவிட்டதை நம்மில் பலர் பெருமையாகப் பேசியிருக்கிறோம். வண்டி போய்ச் சேர்ந்த பிறகு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை இப்போதுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதில் பெரும்பகுதி நர்ஸ்களின் வேலை.

முதல் நாள் மானிட்டரில் நாடித்துடிப்பு 104. அண்ணன் சும்மாதான் படுத்திருந்தார். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"புது இதயத்துக்கு நரம்புத் தொடர்பு இருக்காது சார். வேகத்தைக் குறைக்கிற நரம்பு அதுக்கு இல்ல. இவருக்கு இது சரியான அளவுதான்" என்றார் சிஸ்டர். அதனால்தான் நடையை மெதுவாகத் தொடங்கி மெதுவாகவே நிறுத்த வேண்டுமாம். பின்னாளில் ரத்தக்குழாய் அடைத்தால்கூட நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். மூச்சிரைப்பு, கால் வீக்கம், திடீரென்று ஏறும் எடை, இவற்றைத்தான் கவனிக்கச் சொன்னார்.

அண்ணியின் மல்லிகைச் சரத்தை வாசலிலேயே கழற்ற வைத்துவிட்டார்கள். ஈரப் பூவில் கிருமி இருக்கும், அண்ணனுக்கோ, உடம்பு புது இதயத்தை எதிர்க்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறது. அண்ணியின் முகம் வாடிவிட்டது. அதே சிஸ்டர்தான் அன்று மாலை அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்தார். எட்டாவது வரை படித்த அண்ணிக்கு 'டாக்ரோலிமஸ்' என்ற அந்த மருந்தின் பெயர் வாயில் நுழையவில்லை. பரவாயில்லை என்று, காலை இரவு டப்பாக்களுக்கு வேறு வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். காய்ச்சல் 100.4 வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே போன். பம்பளிமாஸ் பழம் கூடவே கூடாது, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். எல்லாவற்றையும் அண்ணியைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஏஜென்சி மூலம் நர்ஸ் வைத்தோம். வந்த பெண் அன்பானவர், குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது எல்லாம் ஒழுங்காகச் செய்தார். ஆனால் நர்சிங் படித்தவர் இல்லை. ரத்தப் பரிசோதனை நாளில், லேப் ஆள் வருவதற்கு முன்பே எட்டு மணி மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். முந்தைய வேளை மருந்து போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்கு முன்னால் எடுக்கும் ரத்தத்தில்தான் சரியான அளவு தெரியும். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தார்: "ரத்தம் குடுத்தப்புறம்தான் மாத்திரை!"

ஏஜென்சியைக் கேட்டால், "எல்லாரும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்று இல்லை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஆள் வைப்பவர்கள், ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்தவரா, நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

வார்டு சிஸ்டர் ஒருவரை முதல் இரண்டு வாரமாவது வீட்டுக்கு அனுப்ப முடியுமா, என்ன செலவானாலும் தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு ஏற்பாடே இல்லை என்றார்கள்.