பஸ் ஸ்டாண்ட் முக்கு சிக்னல்: ஐந்துக்கு ஒன்று

அந்த ஒரு ஸ்டாரும் கவுன்ட்டவுன் நம்பர் ஒழுங்காக எரிவதற்காக மட்டும்தான்.

எங்கள் ஊரில் புதிதாக வைத்த சிக்னலைச் சொல்கிறேன். மெயின் ரோட்டுக்கு 90 விநாடி பச்சை, மார்க்கெட் தெருவுக்கு 15. காலை எட்டரைக்கும் அதே கணக்கு, ராத்திரி ஈ காக்கை இல்லாத நேரத்திலும் அதே கணக்கு. உள்ளே இருப்பது சாதாரண டைமர்தான், சரி. ஆனால் அதிலேயே நேரத்துக்கு ஏற்ப வேறு வேறு கணக்குப் போட்டு வைக்கலாம், இரவில் மஞ்சளை மட்டும் மினுக்க விடலாம், இதற்குக் கேமராவோ ஏஐயோ தேவையே இல்லை.

நடப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு ஆள் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். இந்த ரோடு எப்படியும் 15 மீட்டர் இருக்கும், கடக்கவே 12, 13 விநாடி வேண்டும். கொடுப்பது 8. மூட்டுவலிக்காரப் பாட்டி நடு ரோட்டில் நிற்கும்போதே பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். போதாததற்கு சிவப்பு விளக்கைப் பாதி மறைத்தபடி ஒரு வேப்பங்கிளை.

சரி, இதை யார் முடிவு செய்தது? போலீஸைக் கேட்டால் கம்பம் நட்டது நகராட்சி என்கிறார்கள், நகராட்சியில் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்கிறார்கள், அங்கே போனால் டைமிங் போலீஸ் விஷயமாச்சே என்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 2005-இல் வந்த அந்தச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். வந்தது, 'மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரே வரி. வண்டிகளை எண்ணிப் பார்த்துத்தான் இந்த நேரத்தை வைத்தீர்களா என்று கேட்டிருந்தேன், அதைத் தொடவே இல்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.