மொராக்கோவா, வட அமெரிக்காவா? 2026 உலகக் கோப்பைக்கு மோதிய இரண்டு திட்டங்கள்

2018 ஜூன் 13. ரஷ்யாவில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள். மாஸ்கோவில் கூடிய, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மாநாட்டில், 2026 உலகக் கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று உறுப்பு நாடுகள் வாக்களித்தன. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து கேட்ட திட்டத்துக்கு 134 வாக்குகள். தனியாக நின்ற மொராக்கோவுக்கு 65.

எண்ணைப் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். இரண்டு திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட அமெரிக்காவில் அரங்கங்கள் இருந்தன, ஆனால் ஊருக்கு ஊர் விமானம் ஏற வேண்டும். மொராக்கோவில் ஊர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன, ஆனால் போதிய அரங்கங்கள் இல்லை.

முதலில் அரங்கங்கள். மொத்த விவாதமும் இங்கேதான் முடிவானது. மொராக்கோ 14 அரங்கங்களைக் காட்டியது. ஒன்பதைப் புதிதாகக் கட்ட வேண்டும், ஐந்தைப் புதுப்பிக்க வேண்டும். சாலை, ரயில், விடுதி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,600 கோடி டாலர் செலவாகும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். எதிர்த் தரப்புக்கு ஒரு அரங்கம்கூடப் புதிதாகக் கட்டும் தேவை இல்லை. அமெரிக்காவில் உள்ளவை பெரும்பாலும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால் என்ற வேறு ஆட்டத்துக்காக எழுப்பியவை. பலவற்றில் செயற்கைப் புல்தான், அதன் மேல் இயற்கைப் புல் போட வேண்டும், சிலவற்றில் ஆடுகளத்தின் அகலமும் போதாது. இருந்தாலும் ஒரு அரங்கத்தையே எழுப்புவதோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை. மெக்சிகோவின் அஸ்டெகாவோ 1970, 1986 இரண்டு இறுதிப் போட்டிகளையும் பார்த்த இடம்.

புதிதாகக் கட்டுவதில் எனக்கு இருக்கும் பயத்துக்குக் காரணம் பிரேசில். 2014இல் 12 அரங்கங்களில் ஆடினார்கள். மனாஸ் நகரத்தில், அமேசான் காட்டுக்கு நடுவே, ஒன்று கட்டினார்கள். அதில் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கே நான்கு. அந்த ஊரில் அதை நிரப்பும் அளவுக்குப் பெரிய கிளப்பும் கிடையாது. தலைநகர் பிரசிலியாவில் கட்டிய அரங்கத்தின் வளாகம் மறு ஆண்டே பேருந்துகள் நிறுத்தும் இடமாகிவிட்டது. மொராக்கோ இதை யோசிக்காமல் இல்லை. போட்டி முடிந்தபின் சில அரங்கங்களின் இருக்கைகளைக் கழற்றிக் குறைத்துவிடுவோம் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனாலும் 14 என்பது அந்த நாட்டுக்குத் தாங்காத சுமை.

சரி, தூரத்துக்கு வருவோம். இங்கே மொராக்கோ எங்கோ முன்னால் நிற்கிறது. போட்டி நடக்கும் ஊர்கள் எல்லாம் காசாபிளாங்காவைச் சுற்றி 550 கி.மீ.க்குள். ரயிலிலோ பேருந்திலோ போய்விடலாம். மற்ற பக்கம் சியாட்டிலிலிருந்து மயாமிக்குச் சுமார் 4,400 கி.மீ. மூன்று நாடுகள், மூன்று விசா நடைமுறைகள். அணிகளுக்கும் அலைச்சல். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், அங்கே மூச்சு வாங்கும். மயாமியில் புழுக்கம். தன் அணியின் பின்னால் ஊர் ஊராகப் போகும் ரசிகர் இத்தனை விமானச் சீட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். ஃபிஃபா போக்குவரத்துக்கும் மதிப்பெண் போட்டது, ஆனால் விமான நிலையமும் சாலையும் இருக்கின்றனவா என்பதில்தான் அதன் கவனம். இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

நேரத்திலும் மொராக்கோதான் வசதி. அவர்களின் மாலை 5 மணி ஆட்டம் நமக்கு இரவு 9:30. நியூயார்க் பகுதியில் பகல் 3 மணிக்குத் தொடங்கினால் இங்கே நள்ளிரவு 12:30. மேற்குக் கரையின் மாலை ஆட்டத்தை நாம் காலைக் காப்பியோடுதான் பார்க்க முடியும்.

பணத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. வட அமெரிக்கா ஃபிஃபாவுக்கு 1,400 கோடி டாலர் வருமானம் வரும் என்றது. மொராக்கோ சொன்னது 720 கோடி. ஃபிஃபாவின் ஆய்வுக் குழு 500க்கு முறையே 402.8, 274.9 என்று மதிப்பெண் போட்டது. அரங்கங்களுக்கு மட்டுமே 35 சதவீத எடை.

என்னைக் கேட்டால், மொராக்கோ தோற்றது மாஸ்கோவில் இல்லை. 2017 ஜனவரியில், 32 அணிகளை 48 ஆக்குவது என்று ஃபிஃபா கவுன்சில் சூரிச்சில் முடிவெடுத்தபோதே தோற்றுவிட்டது. 1994 போட்டிக்கும் மொராக்கோ கேட்டது, அப்போதும் அமெரிக்காவிடம்தான் தோற்றது. அந்தப் போட்டியில் 24 அணிகள், ஒன்பது அரங்கங்கள் போதுமாக இருந்தன. 48 அணி என்றால் நடுத்தர அளவிலான எந்த நாடும் தனியாகக் கேட்க முடியாது. அப்படிக் கேட்டால் கடனில் விழ வேண்டும். ஆகவே எனக்கு வாக்கு இருந்திருந்தால், மனசில்லாமல் வட அமெரிக்காவுக்குத்தான் போட்டிருப்பேன், மொராக்கோ மக்களை நினைத்தே.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2022இல் கத்தாரில் மொராக்கோ அரையிறுதிக்குப் போனது, ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே போன முதல் அணி. 2024 டிசம்பரில் ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து 2030 உலகக் கோப்பையையும் பெற்றது. 1994, 1998, 2006, 2010, 2026 என்று ஐந்து முறை கேட்டுத் தோற்றபின் ஆறாவது முறை. இந்தத் தடவை அவர்கள் தரும் அரங்கங்கள் ஆறுதான். ரபாத், மராகேஷ், ஃபெஸ், தாஞ்சியர், அகாதிர் எல்லாம் ஏற்கெனவே அரங்கம் இருந்த ஊர்கள். காசாபிளாங்காவுக்காகப் பக்கத்துப் பென்ஸ்லிமானில் மட்டும் புதிதாக ஒன்று எழுகிறது, 1,15,000 பேர் உட்காரும் அளவுக்கு. அதுவும் கூடுதல்தான். ஆனால் மனாஸைப் போல அது காலியாகக் கிடக்காது என்று நம்ப ஒரு காரணம் இருக்கிறது: வைதாத், ராஜா என்ற இரண்டு கிளப்புகளுக்காகக் கத்தித் தொண்டை வறளும் ரசிகர்கள் உள்ள ஊர் காசாபிளாங்கா. ஆட்டம் முடிந்து அவர்கள் இரவோடு இரவாக வீடு திரும்ப ரயில் இருந்தால் போதும்.