லினக்ஸில் வைஃபை தேடல்: நெட்வொர்க்மேனேஜரா, ஐடபிள்யூடியா, கான்மேனா?

வீடியோ அழைப்பில் குரல் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று திக்கும், பிறகு தானாகச் சரியாகிவிடும். இது சீரான இடைவெளியில் நடந்தால், இணைய சேவைக்காரரைத் திட்டும் முன் கணினி பின்னணியில் வைஃபை ஸ்கேன் செய்கிறதா, அதாவது அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைத் தேடுகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் இந்த வேலையைக் கவனிப்பவை நெட்வொர்க்மேனேஜர், ஐடபிள்யூடி (iwd), கான்மேன் (ConnMan) என்ற மூன்று மென்பொருள்கள்.

வைஃபை ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் கேட்கும். வேறு நெட்வொர்க் தேட வேண்டுமென்றால் இருக்கிற சேனலை விட்டுவிட்டுப் போய்த்தான் ஆக வேண்டும், குரல் திக்குவது அப்போதுதான். ரவுட்டர்கள் வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பீக்கன், அதாவது 'நான் இருக்கிறேன்' என்ற அறிவிப்பு அனுப்பும். பேசாமல் கேட்டு மட்டும் தேடுவதானால் ஒவ்வொரு சேனலிலும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் நிற்க வேண்டும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்தால் முப்பதுக்கும் மேல் சேனல்கள். 'யார் இருக்கிறீர்கள்' என்று கணினியே கூப்பிட்டுக் கேட்டால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் ரேடார் இருக்கக்கூடிய 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் நாமாக முதலில் கூப்பிடக் கூடாது.

இணைப்பு இல்லாத நேரத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மூன்றுமே அடிக்கடி தேட ஆரம்பித்து, போகப் போக இடைவெளியைக் கூட்டும். நெட்வொர்க்மேனேஜர் 3 விநாடியில் தொடங்கி 120 வரை போகும். கான்மேன் 3 விநாடியிலிருந்து 5 நிமிடம் வரை. ஐடபிள்யூடி 10-இல் தொடங்கி 300 விநாடி வரை. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

இணைந்த பிறகுதான் விஷயமே இருக்கிறது.

இணைப்பு கிடைத்ததும் நெட்வொர்க்மேனேஜர் தன் வழக்கமான ஸ்கேனை நிறுத்திவிட்டு, பொறுப்பை வைஃபை கார்டை நேரடியாகக் கையாளும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரலிடம் ஒப்படைக்கிறது. சாதாரண வீட்டு இணைப்புக்கு அது கொடுக்கும் உத்தரவு இதுதான்: சிக்னல் -70 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை) கீழே போனால் 30 விநாடிக்கு ஒருமுறை தேடு, நன்றாக இருந்தால் 86,400 விநாடிக்கு ஒருமுறை, அதாவது நாளுக்கு ஒரு தடவை. அலுவலக வகை எண்டர்பிரைஸ் இணைப்பு என்றாலோ, ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பிஎஸ்எஸ்ஐடியோடு (ஒவ்வொரு வைஃபை ரேடியோவுக்கும் உள்ள தனி முகவரி) முன்பே இணைந்திருந்தாலோ, அந்த எல்லை -65-க்கு ஏறும், நீண்ட இடைவெளி 300 விநாடிக்குச் சுருங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்த ஒற்றை ரவுட்டரும் இரண்டு பிஎஸ்எஸ்ஐடி காட்டும், ஆக வீட்டு இணைப்பும் அலுவலகக் கணக்கில் சேர்ந்துவிடலாம். கடைசி அறையில் உட்கார்ந்து -72-இல் வேலை செய்பவர் பாடு இன்னும் மோசம். தாவிப் போக வேறு ரவுட்டரே இல்லாத வீட்டில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தேடல்!

இதற்கு மருந்து உண்டு. இணைப்பைத் திருத்தும் பக்கத்தில் பிஎஸ்எஸ்ஐடி பெட்டியில் ரவுட்டரின் முகவரியைப் போட்டால் பின்னணி ஸ்கேன் அடியோடு நிற்கும். ஆனால் அந்த ஒரு பேண்டோடு கட்டிப்போட்டதாகிவிடும். ரவுட்டரை மாற்றும் நாளில் இதை மறந்திருந்தால் கணினி இணையவே இணையாது.

ஐடபிள்யூடி வேறு மாதிரி யோசிக்கிறது. இணைந்திருக்கும்போது அது கடிகாரம் பார்த்துத் தேடுவதில்லை. சிக்னல் -70-க்குக் கீழே இறங்கினால் (5 கிகாஹெர்ட்ஸில் -76) அப்போது விழித்துக்கொள்ளும். அப்போதும் எல்லாச் சேனலையும் துழாவாமல், ரவுட்டருக்கு 802.11கே (அக்கம்பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்களைச் சொல்லும் வசதி) தெரிந்தால் "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்" என்று அதையே கேட்டு, சொன்ன சேனல்களை மட்டும் பார்க்கும். பல ஆக்சஸ் பாயின்ட் உள்ள கட்டடத்தில் நடந்துகொண்டே பேசுபவருக்கு இது பெரிய லாபம்.

கான்மேனில் இருப்பது ஒரே ஸ்விட்ச். பின்னணி ஸ்கேனை அணைத்தால், இணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் கேட்டால் மட்டுமே தேடும். இடம் மாறாத சாதனத்துக்குச் சரி, லேப்டாப்புக்கு ஒத்துவராது.

இவ்வளவு சிக்கனத்தையும் ஒரே ஒரு ஜன்னல் கெடுத்துவிடும். க்னோம் டெஸ்க்டாப்பில் வைஃபை அமைப்புகள் பக்கம் திறந்திருக்கும்வரை 15 விநாடிக்கு ஒருமுறை புதிய ஸ்கேன் கேட்டுக்கொண்டே இருக்கும். எதையும் மாற்றும் முன் அதை மூடிவிட்டுப் பாருங்கள்.

அப்புறமும் தொல்லை தீரவில்லையென்றால் என் ஓட்டு ஐடபிள்யூடிக்கு. நெட்வொர்க்மேனேஜரை நீக்க வேண்டியதில்லை. அதன் கான்ஃபிக் கோப்பில் வைஃபை பேக்எண்டாக (பின்னால் வேலை செய்யும் நிரலாக) ஐடபிள்யூடியைக் குறிப்பிட்டால் போதும், பழைய பேனல் அப்படியே வேலை செய்யும். சப்ளிகன்ட் சேவையை மட்டும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கார்டுக்கு அடித்துக்கொள்ளும்.