2212 மோட்டாருக்கு ஆறு வருஷமா மாத்தி மாத்திப் போட்ட புரொப்

மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பெஸ்தாரி ஜெயா) பக்கம் எங்க தோட்டத்து பந்துத் திடல்லதான் ரிமோட் பிளேன் பறக்க விடறேன், மூணு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் லயத்து வீடு. 2212 சைஸ் 1000 கேவி மோட்டார் (லோடு இல்லாம ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து), 3எஸ் லைப்போ (மூணு செல் பேட்டரி), 30 ஆம்ப் இஎஸ்சி (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்துற போர்டு), பேட்டரியோட 780 கிராம் வர்ற ஹை விங் (இறக்கை மேல இருக்குற) ஃபோம் பிளேன். ஆறு வருஷத்துல பிளேன் ரெண்டு தடவை மாறிடுச்சு, செட்டப் அதேதான், அதிகமா மாத்துனது புரொப்தான், அதாவது மோட்டார்ல மாட்டுற விசிறி.

முதல்ல 10×4.5 ஸ்லோ ஃப்ளை, அதாவது மெதுவாப் பறக்குறதுக்கான மெல்லிசு பிளேடு. முன்னாடி நம்பர் விட்டம், பின்னாடி நம்பர் பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு எத்தனை இன்ச் முன்னாடி போகணும்ங்கறது, ரெண்டுமே இன்ச்தான். கையில புடிச்சு த்ராட்டில் குடுத்தா அப்படி ஒரு இழுப்பு, இதுதான் சரின்னு ரெண்டு மாசம் ஓட்டுனேன். மத்தியான வெயில்ல இறக்கி மோட்டாரத் தொட்டா விரல் வைக்க முடியல, ஒருநாள் காயில் வார்னிஷ் கருகுற வாசம் வந்துச்சு, மோட்டார் போச்சு. அப்பறந்தான் வாட்மீட்டர் வாங்கிப் பாத்தேன், ஃபுல் சார்ஜ்ல 15 ஆம்ப் குடிக்குது, மோட்டார் பேப்பர்ல போட்டிருந்தது 12 ஆம்ப், அதுவும் ஒரு நிமிஷத்துக்குத்தான்!

விட்டத்த லேசா எடுத்துக்கக் கூடாதுங்க. அதே வேகத்துல சுத்துனா லோடு விட்டத்தோட நாலாவது அடுக்குக்கு ஏறும், பிட்ச் நேர் கணக்குலதான் ஏறும், அதனால 10 லேர்ந்து 9க்கு வந்தாலே லோடு மூணுல ஒரு பங்கு குறையும் (நெசத்துல மோட்டார் கொஞ்சம் வேகமா சுத்தும், அதனால அவ்வளவு குறையாது, எனக்கு 11 ஆம்ப்ல நின்னுச்சு). இன்னொண்ணு, ஏபிசி கம்பெனி ஸ்லோ ஃப்ளை புரொப்புக்கு 65,000த்த விட்டத்தால வகுத்தா வர்றதுதான் அதிகபட்ச ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து), 10 இன்ச்சுக்கு 6500, என்னோடது வேற கம்பெனி, ஆனா அதே மாதிரி மெல்லிசு பிளேடு, 7000 தாண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்த பர்ர்ருனு வந்த சத்தம் பிளேடு ஆடுறதுதான்னு அப்பறந்தான் புரிஞ்சுது.

அடுத்து 9×6 போட்டேன். கையில இழுப்பு கம்மி, ஏமாந்துட்டோமோன்னு நெனச்சேன், ஆனா மேல போனதும் பாயுது. பிட்ச் ஸ்பீடு கணக்கு ஈஸிதான், ஆர்பிஎம்மையும் பிட்சையும் பெருக்கி 0.001524 ஆல பெருக்குனா மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு வந்துடும். எனக்கு 7600ல 69 வந்துச்சு. திறந்த வெளி இருக்குறவங்களுக்கு அருமையான புரொப்பு, காத்துல நல்லா அறுத்துக்கிட்டுப் போகும். எங்க திடலுக்கு ஒத்து வரல, திரும்பறதுக்குள்ள செம்பனை வந்துடுது, த்ராட்டில் குறைச்சு இறக்குனாலும் மிதந்துக்கிட்டே போய் மட்டையில சொருகிடுது, குலை வெட்ட வர்ற அண்ணன் ரெண்டு தடவை அந்த நீளக் கழியாலதான் எடுத்துக் குடுத்தாரு.

கடைசியா 9×4.5, ஸ்லோ ஃப்ளை இல்ல, கெட்டியான எலக்ட்ரிக் பிளேடு. நாலு வருஷமா இதான். 8000 ஆர்பிஎம், 55 கிலோமீட்டர், அரை த்ராட்டில்ல சாவகாசமா சுத்துது, மோட்டார் வெதுவெதுன்னுதான் இருக்கு. 10ல கையால எறியறப்ப இடது பக்கம் சாயும், அது மோட்டார் டார்க், இதுல ரொம்ப குறைஞ்சிடுச்சு. வீல் இல்லாம புல்லுல வயித்தால இறக்குறவங்க இஎஸ்சில பிரேக்க ஆன் பண்ணி வைங்க, புரொப் சுத்தாம நின்னுடும், உடையறது பாதியாக் குறையும்.

மாமா பையன் இதே 9×4.5ஓட 4எஸ் (நாலு செல்) பேட்டரி சொருகிட்டான். கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஆம்ப் கூடிடும் தம்பின்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஃபுல் த்ராட்டில் போட்டு மோட்டார்ல புகை. வோல்ட் ஏத்துனா புரொப்ப சின்னதாக்கணும், அவனுக்கு 7×4 போட்டுக் குடுத்தேன், இப்ப நல்லா ஓடுது.

புது புரொப் வந்ததும் பேலன்ஸ் பாக்காம மாட்டாதீங்க, எடை குறைஞ்சு மேல எழும்பற பக்கம் செல்லோடேப் ஒரு துண்டு போதும். நம்பர் எழுதுன பக்கம் பிளேன் போற திசையப் பாத்து இருக்கணும், திருப்பி மாட்டுனாலும் இழுக்கும் ஆனா வலுவே இருக்காது, நான் ஒரு சாயங்காலம் முழுக்க பேட்டரியத் திட்டிக்கிட்டு இருந்தேன்.