டெக்சஸில் கைத்துப்பாக்கி உரிம வகுப்பு: வீட்டுத் தற்காப்புச் சட்டத்தை எவ்வளவு சொல்லித் தருகிறார்கள்?

டல்லாஸின் வடக்குப் புறநகரில் ஒரு சுடுதளம் சனிக்கிழமைகளில் நடத்தும் கைத்துப்பாக்கி உரிம வகுப்பில் நான் சேர்ந்ததன் நோக்கம் ஒன்றே. நள்ளிரவில் வீட்டுக்குள் அத்துமீறி நுழைபவனைச் சுட்டால், டெக்சஸ் சட்டம் அதை எப்போது நியாயம் என்று ஏற்கும், எப்போது கொலை என்று சொல்லும் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள விரும்பினேன். 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் இந்த மாநிலத்தில் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியுடன் வெளியே செல்லலாம். வீட்டில் வைத்திருக்க அதற்கு முன்பும் உரிமம் தேவைப்பட்டதில்லை. ஆகவே உரிம அட்டைக்காக மட்டும் இந்த வகுப்புக்குப் போவதில் பெரிய பொருள் இல்லை. சட்டம் கற்கப் போகலாமா என்பதே கேள்வி. நான்கு முதல் ஆறு மணி நேரம் நடக்க வேண்டிய இவ்வகுப்பின் பாடப்பொருளை மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையே வகுத்திருப்பதால், இடத்துக்கு இடம் மாறுவது பயிற்றுநர் விளக்கும் விதம் மட்டுமே. அந்த விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே அவசியமில்லை.

பயிற்றுநர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 9-ஆம் அத்தியாயத்தை அச்சடித்துக் கையில் கொடுத்து, வரி வரியாகப் படிக்க வைத்தார். உயிரைப் பறிக்கக்கூடிய பலத்தைப் பயன்படுத்த, எதிராளி சட்டவிரோதமாக அத்தகைய பலத்தைப் பயன்படுத்துகிறான் அல்லது பயன்படுத்த முயல்கிறான் என்றும், அதைத் தடுக்க அந்தக் கணமே சுடுவது அவசியம் என்றும் ஒருவர் நியாயமாக நம்பியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்றவற்றை நிகழும் தறுவாயில் தடுப்பதும் இதில் அடங்கும். இதன் மேல் 2007-இல் சேர்க்கப்பட்டதுதான் மக்கள் வாயில் ‘கோட்டைக் கோட்பாடு’ என்று வழங்கும் பகுதி: ஆள் இருக்கும் வீட்டுக்குள் ஒருவன் சட்டவிரோதமாகவும் பலாத்காரமாகவும் நுழைந்தான், அல்லது நுழைய முயன்றான் என்றால், சுட்டவரின் நம்பிக்கை நியாயமானது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். ஆனால் அவர் வம்பை வலிய இழுத்தவராக இருக்கக் கூடாது. சிறிய போக்குவரத்து மீறலைத் தவிர வேறு குற்றம் எதிலும் அந்நேரத்தில் ஈடுபட்டிருக்கவும் கூடாது. பின்வாங்கி ஓட வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இந்த இடத்தில் பயிற்றுநர் அவசரப்படாதது வகுப்பின் முதல் சிறப்பு. வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர், ‘என் நிலத்தில் கால் வைத்தால் சுடலாம்’ என்ற எண்ணத்தோடு வந்திருந்தார்கள். திறந்து கிடக்கும் கராஜுக்குள் ஒருவன் நடந்து வந்து சைக்கிளைத் தொட்டுப் பார்த்தால் அந்த அனுமானம் துணைக்கு வருமா என்று அவர் கேட்டபோது அறை அமைதியாகிவிட்டது. கதவை உடைக்காமல், யாரையும் தள்ளாமல் வந்தவன் பலாத்காரமாக நுழைந்தான் என்று சொல்ல இயலாது. அதனால் தற்காப்பு உரிமையே போய்விடுவதில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தாம் நம்பியதற்கான காரணத்தைச் சுட்டவர் அனுமானத்தின் துணையின்றி, நடந்தவற்றைக் கொண்டே விளக்க வேண்டியிருக்கும். வெறும் வசைச் சொற்கள் எந்தப் பலப்பிரயோகத்தையும் நியாயப்படுத்தா என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

நுழைந்தவன் விழுந்துவிட்ட பிறகு என்ன என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்தது. 2012-இல் நன்றி நவிலல் நாளன்று லிட்டில் ஃபால்ஸ் என்ற ஊரில் பைரன் ஸ்மித் என்பவர் தம் வீட்டின் நிலவறையில் காத்திருந்து, திருட நுழைந்த பதின்வயதினர் இருவரைச் சுட்டார். காயப்பட்டு விழுந்த பிறகும் மீண்டும் சுட்டார். அவரே ஓடவிட்டிருந்த ஒலிப்பதிவுக் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. 2014-இல் திட்டமிட்ட கொலைக் குற்றத்துக்காக, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றார். வந்தவர்கள் அத்துமீறி நுழைந்தது உண்மை. ஆனால் ஆபத்து நீங்கிய பின் வெடித்த தோட்டாக்களுக்கு அந்த உண்மை காப்பாக அமையவில்லை. மாநிலம் வேறு என்றாலும் அவசியம் தீர்ந்ததும் உரிமையும் தீர்கிறது என்பது டெக்சஸுக்கும் பொருந்தும்.

அரை அங்குல ஷீட்ராக் (ஜிப்சம் அட்டை) பலகைகள் இரண்டை மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்து, அமெரிக்க வீட்டுச் சுவரின் துண்டு ஒன்றை அவர் மேசை மேல் வைத்திருந்தார். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா நுழைந்த பக்கத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. வெளியேறிய பக்கத்தில் காகிதம் கிழிந்து, வெள்ளைச் சுண்ணம் உதிர்ந்துகொண்டிருந்தது. இதைக் கைக்குக் கை கொடுத்துவிட்டுத்தான், திருடனைச் சுடுவது நியாயமாக இருந்தாலும், அஜாக்கிரதையாகச் சுட்டதில் மூன்றாம் மனிதர் ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ தற்காப்பு என்ற நியாயம் அந்தக் குற்றச்சாட்டுக்குச் செல்லாது என்ற பிரிவைப் படித்தார். பிள்ளைகள் அடுத்த அறையில் உறங்கும் வீடுகளில் இருப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பிரிவு அது.

இவ்வளவு நன்றாக நடந்த பாடம், உடைமையைக் காக்கும் பகுதிக்கு வந்ததும் ஓட்டமாக ஓடியது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் கொடுக்காத ஓர் உரிமையை டெக்சஸ் கொடுக்கிறது: தீவைப்பு, வீடு புகுதல், கொள்ளை, இரவுநேரத் திருட்டு, இரவுநேரச் சொத்துச் சேதம் ஆகியவற்றைத் தடுக்கவும், இரவில் திருடிய பொருளோடு ஓடுபவனை நிறுத்தவும்கூட, வேறு வழியில் பொருளைக் காக்கவோ மீட்கவோ முடியாது என்று நியாயமாக நம்பினால், அல்லது குறைந்த பலம் தன் உயிருக்கே ஆபத்தாகும் என்று நம்பினால், சுடலாம். (இரவுக்குத் தனி இடம் கொடுப்பது இந்தியச் சட்டத்துக்கும் புதிதல்ல, பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் வீடு உடைப்பை அப்படித்தான் வைத்திருக்கிறது.) 2007 நவம்பரில் ஹூஸ்டனை அடுத்த பாசடீனாவில், அண்டை வீட்டில் திருடிய இருவரை, ‘வெளியே போகாதீர்கள்’ என்று 911 அவசர உதவி எண்ணின் பணியாளர் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேளாமல் சுட்டுக் கொன்ற ஜோ ஹார்ன் மீது, 2008-இல் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடர வேண்டுமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) குற்றம் சாட்ட மறுத்தது. பயிற்றுநர் இதை ஒரு வெற்றிக் கதைபோல் சொல்லி முடித்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு மாவட்டத்தின் ஒரு கிராண்ட் ஜூரி எடுத்த முடிவு அடுத்தவருக்கு உத்தரவாதம் ஆகாது.

அதற்கு எதிர்நிலையில் உள்ள டல்லாஸ் வழக்கை அவர் தொடவே இல்லை. 2018 செப்டம்பரில், பணி முடிந்து திரும்பிய காவலர் ஆம்பர் கைகர், தமது குடியிருப்பு என்று எண்ணி மேல்தளத்தில் இருந்த போத்தம் ஜீனின் வீட்டுக்குள் நுழைந்து அவரைச் சுட்டுக் கொன்றார். கோட்டைக் கோட்பாட்டையும் பரிசீலிக்க ஜூரிக்கு நீதிபதி அனுமதி அளித்தார். அப்படி இருந்தும் 2019 அக்டோபரில் கொலைக் குற்றம் உறுதியாகி, பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நியாயமான நம்பிக்கை என்பதை ஜூரி எப்படி எடைபோடுகிறது என்று விளக்க இதைவிடப் பொருத்தமான பாடம் அந்த ஊரிலேயே கிடையாது.

இன்னொரு குறையும் உண்டு. நம்மவர்களைப் பொறுத்தவரை இதுதான் பெரிது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளுக்குள் வராவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையோடு நாடுகடத்தலுக்கும் அது வழிவகுக்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அறையில் இந்திய முகங்கள் ஏழெட்டு இருந்தும், நான் கை தூக்கிக் கேட்ட பிறகுதான் பயிற்றுநர் இதைச் சொன்னார். கட்டணம் வாங்குமுன் சொல்லியிருக்க வேண்டும்.

சுடும் தேர்வு எளிது. மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டாக்கள். 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் போதும். வரிசை ஒழுங்காகவும் பாதுகாப்பாகவும் நடந்தது.

கடைசி அரை மணி நேரம், தற்காப்புக்காகச் சுட்டவரின் வழக்குச் செலவை ஏற்கும் சந்தாத் திட்டம் ஒன்றை விற்பதில் கழிந்தது. சுட்டது நியாயம் என்றால் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து டெக்சஸ் விலக்கு அளிக்கிறது. ஆனால் வழக்குத் தொடுப்பதையே அது தடுப்பதில்லை என்பதால் வழக்கறிஞர் செலவு பற்றிய பேச்சில் நியாயம் இருந்தது. படிவத்தை அங்கேயே நிரப்பினால் தள்ளுபடி என்று நெருக்கியதில்தான் நியாயம் இல்லை. சட்டம் கற்க வருபவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். படிவத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, குற்றம் உறுதியானால், வழக்குக்காகத் திட்டம் செலவிட்ட பணத்தை உங்களிடமே திரும்பக் கேட்கும் விதி அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்திடலாம். இத்தகைய திட்டங்கள் சிலவற்றில் அந்த விதி உண்டு.