தாட் லீடர்ஷிப்புக்காக சர்வே: ஆறு வருடம் நடத்திப் பார்த்த அனுபவம்

கோயம்புத்தூரில் சிறு தொழிற்சாலைகளுக்கு ஈஆர்பி (ஆர்டர், சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும்) மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். பம்ப்செட், ஃபவுண்டரி (உலோக வார்ப்பு), லேத் பட்டறை முதலாளிகளிடம் வருடத்துக்கு ஒரு முறை சர்வே எடுத்து, அதை அறிக்கையாக அச்சடித்து வெளியிடுவது என் வேலைகளில் ஒன்று. விளம்பரத்தைப் பார்த்து இந்தத் தொழிலில் யாரும் மென்பொருள் வாங்குவதில்லை, "இவங்களுக்கு நம்ம தொழில் தெரியும்" என்று நாலு பேர் சொன்னால்தான் வாங்குவார்கள், அதற்குப் பெயர்தான் தாட் லீடர்ஷிப் என்று சொல்லி எங்கள் எம்.டி. இதை ஆரம்பித்து வைத்தார். ஆறு வருடம் ஓடிவிட்டது. இதில் காசு போடலாமா என்று கேட்டால், போடலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் எங்களுடைய முதல் இரண்டு வருடக் காசு தண்ணீரில்தான் போனது.

முதல் வருடம் கூகுள் ஃபார்மில் 38 கேள்விகளைப் போட்டு, எங்கள் வாடிக்கையாளர் பட்டியலுக்கே மெயில் அனுப்பினோம். மென்பொருள் வாங்கியவர்களிடம் போய் மென்பொருள் தேவையா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? பிரமாதம் என்றார்கள். அதையும் பெரிய வட்டப்படமாக வரைந்து அட்டையில் போட்டோம். அமெரிக்காவில் 1936 ஜனாதிபதித் தேர்தல் கருத்துக்கணிப்பில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை பட்ட அவமானம் எனக்கு அப்போது தெரியாது. சுமார் ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லேண்டன்தான் ஜனாதிபதி என்று அந்தப் பத்திரிகை எழுதியது. ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். சீட்டு அனுப்ப அவர்கள் எடுத்த பட்டியல்களில் முக்கியமானவை தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியல்கள். அந்தப் பொருளாதார மந்த காலத்தில் அவை வசதியானவர்கள் பட்டியல்கள். அது போக, சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பத்திரிகையைவிட மிகக் குறைவான பேரைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். பட்டியல் கோணல் என்றால் தலை எண்ணிக்கையைக் கூட்டி அதை நிமிர்த்த முடியாது.

எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். குலுக்கல் மாதிரி எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து ஆளை எடுக்க முடிகிற பட்சத்தில், 100 பேருக்கு ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி முன்னே பின்னே இருக்கும். 400 பேருக்கு 5, 1,000 பேருக்கு 3. பிழையைப் பாதியாக்க ஆளை நாலு மடங்காக்க வேண்டும் என்பதால் நாங்கள் 400-ஐத் தாண்டப் பார்ப்பதில்லை. ஒரு கேள்விக்கு 41 பேர்தான் பதில் சொன்னார்கள் என்றால் அங்கே சதவீதம் போடுவதில்லை, "41 பேரில் 28 பேர்" என்றுதான் அச்சடிக்கிறோம்.

இரண்டாம் வருடம் ஏஜென்சி மூலம் ஆன்லைன் பேனல், அதாவது சர்வேக்குப் பதில் சொல்லப் பதிவு செய்துகொண்டவர்கள் பட்டியல், வாங்கினோம். பதில்கள் மூன்று நாளில் வந்து குவிந்தன. ஃபவுண்டரி முதலாளி என்று டிக் அடித்த பலருக்கு, ஒரு ஹீட்டில் (ஒரு தடவை உலையில்) எத்தனை கிலோ உருக்குவீர்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரியவில்லை. கேள்வியை நடுவில் செருகி வைத்ததால் தப்பித்தோம். முக்கால்வாசியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

மூன்றாம் வருடம்தான் நேரில் போனோம். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரி. முதலாளி முன்னால் டேப்லெட்டைத் திறந்து, "உற்பத்தித் தாமதம் உங்களுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்க" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி. ஒண்ணுன்னே போட்டுக்குங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. பார்ட்டி பெயர், டெலிவரி தேதி. ஒரு வரியில் தேதியை மூன்று தடவை அடித்து எழுதியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன்.

"அது பேட்டர்ன் வரலீங்க. வந்துச்சுன்னா ஊத்திரலாம். அதப் போயி தாமதம்னு சொல்ல முடியுங்களா?"

பேட்டர்ன் என்றால் வார்ப்புக்கான மாதிரி வடிவம். வெளியாள் கேட்கும்போது தன் பட்டறையைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. கொங்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் மரியாதை சேர்ந்துகொள்ளும். கருத்தைக் கேட்டால் மரியாதைதான் பதிலாக வருகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அடுத்த வருடம் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, "கடைசியாக அனுப்பிய மூன்று ஆர்டரில் எத்தனை சொன்ன தேதிக்குப் போனது? போகாததற்கு என்ன காரணம்?" என்று மாற்றினோம். "மென்பொருள் செலவையும் நேரத்தையும் குறைக்கிறதா" என்பது போன்ற இரட்டைக் கேள்விகளையும் வெட்டினோம். 38 கேள்வி 14 ஆனது.

வந்த பதில் எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் பட்டறைக்குள் இல்லை. பேட்டர்னும் வெளியே ஜாப் ஒர்க்குக்கு (வேறு பட்டறையில் கூலிக்குச் செய்யும் வேலைக்கு) போன பீஸும் திரும்பி வராததுதான். எங்கள் மென்பொருள் பட்டறைக்குள் நடப்பதை மட்டும்தான் பார்க்கும். சேல்ஸ் தலைவர் அந்தப் பக்கத்தையே எடுக்கச் சொன்னார், நான் முடியாது என்றேன், எம்.டி. இரண்டு நாள் யோசித்து, அந்தப் பக்கம் இருக்கட்டும் என்றுவிட்டார். கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடந்தபோது எங்கள் ஸ்டாலுக்கு வந்தவர்கள் மொபைலில் படம் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பக்கத்தைத்தான். ஜாப் ஒர்க் மாடுல் இன்னும் வந்தபாடில்லை என்பது தனிக்கதை.

இந்த ஆறு வருடத்தில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு வருடம், சர்வேக்குப் பதில் சொன்னவர்களின் நம்பரை எங்கள் சேல்ஸ் டீம் எடுத்து மறுநாளே டெமோவுக்கு அழைக்கத் தொடங்கியது. கணபதியில் ஒருவர் எனக்கே போன் போட்டு, "கணக்கெடுக்க வந்தீங்கன்னு நெனச்சேன், கடை விரிக்கத்தான் வந்தீங்களா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆய்வு என்ற பெயரில் விற்பதற்கு இந்தத் தொழிலில் 'சக்கிங்' என்று தனிப் பெயரே இருக்கிறது. சந்தை ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான எசோமாரின் நெறிமுறை அதை அனுமதிப்பதில்லை. இப்போது பதில்கள் ஒரு கோப்பில், பெயரும் நம்பரும் இன்னொரு கோப்பில். இரண்டாவதின் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் எடெல்மன் நிறுவனத்தின் டிரஸ்ட் பாரோமீட்டரைப் பாருங்கள். ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) நிறுவனம் 20 வருடத்துக்கு மேலாக அரசை, கம்பெனிகளை, ஊடகங்களை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று விடாமல் கேட்டு வருகிறது. மென்பொருள் உலகில், மென்பொருளை எழுதி வெளியிட்டு நடத்தும் முறைகளைப் பற்றிய 'ஸ்டேட் ஆஃப் டெவ்ஆப்ஸ்' அறிக்கையை முதலில் நடத்தியது பப்பெட் என்ற டூல் விற்கும் கம்பெனி. அதிலிருந்து வளர்ந்த டோரா என்ற ஆய்வுக் குழுவை 2018-ல் கூகுளே வாங்கிக்கொண்டது. ஒரே கேள்வியை வருடாவருடம் கேட்டதுதான் இரண்டுக்கும் பலம். எங்களுக்கும் நான்காம் வருடத்துக்குப் பிறகுதான் "போன வருடத்தைவிட" என்று எழுதவே முடிந்தது. ஒரே ஒரு சர்வே எடுத்து விட்டுவிடப் போகிறீர்கள் என்றால் அந்தக் காசுக்கு நல்ல கேட்டலாக் அடித்துக்கொள்ளலாம்.

லீடு, அதாவது வாங்கக்கூடிய புது ஆள், எத்தனை வந்தது என்று கணக்குக் கேட்பார்கள். நேராகக் காட்ட முடியாது. முதல் சந்திப்பிலேயே "அந்த ரிப்போர்ட் போட்டவங்கதானே" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

நேரம் பார்த்துப் போங்கள். மார்ச்சில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். ஆயுத பூஜை வாரமும் அப்படித்தான். மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் வரை முதலாளியும் கணக்குப்பிள்ளையும் கடுப்பில் இருப்பார்கள். அதனால் இந்த வருடம் 22-ம் தேதி கிளம்புகிறோம். அதற்குள் போன வருட அறிக்கையைப் பதில் சொன்னவர்கள் கையில் சேர்க்க வேண்டும். கொடுக்காமல் விட்ட 60 பிரதி இன்னும் என் மேஜைக்கு அடியில் அட்டைப் பெட்டியில் கிடக்கிறது.