விசில் குக்கரா, கரண்ட் பிரஷர் குக்கரா: எதில் பயம் குறைவு?

எங்கள் அபார்ட்மெண்டில் காலை ஏழரை மணிக்கு நாலு வீட்டுக் குக்கர் சேர்ந்து கத்தும். அம்மாவுக்கு ஒரு காது மந்தம். பக்கத்து வீட்டு விசிலை நம் கணக்கில் சேர்த்து அடுப்பை அணைத்துவிடுவார். துவரம்பருப்பு விதை விதையாக நிற்கும். மறுநாள் நம் வீட்டு விசிலையே கோட்டை விடுவார். தண்ணீர் சுண்டி, கருகல் வாடை ஹால் வரைக்கும் வரும். அப்படி ஒருநாள் சேஃப்டி வால்வு போனதும் கரண்ட் பிரஷர் குக்கர் ஒன்று வாங்கினோம். பழையதைத் தூக்கிப் போடவில்லை. இரண்டும் இப்போது ஒரே மேடையில் இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயம். கண்ணாடி மூடி போட்ட ரைஸ் குக்கர் வேறு, இது வேறு. அதில் பிரஷரே கிடையாது.

அடுப்புக் குக்கரின் வெயிட் ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் தூக்கும், உள்ளே சூடு 120 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வீட்டுக்கு வருகிற கரண்ட் குக்கர்கள் பெரும்பாலும் 10 முதல் 12 பி.எஸ்.ஐ.யில் வேலை செய்பவை. சூடு 115லிருந்து 118 வரை. அதனால் மூக்கடலையோ மட்டனோ வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். போதாக்குறைக்கு, பிரஷர் ஏறிய பிறகுதான் அது நிமிடத்தை எண்ணவே ஆரம்பிக்கும். 12 நிமிடம் என்று வைத்தால் அரை மணி ஆகிவிடும். இந்தப் பொறுமையின்மையில்தான் பாதி விபத்து பிறக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுப்புக் குக்கருக்கு மூன்று காவல். வெயிட் ஒன்று. அது அடைத்தால் சேஃப்டி வால்வின் நடுவில் இருக்கும் உலோகம் உருகி ஆவியை வெளியே விடும். சில மாடல்களில் மூடி ஓரத்தில் ஒரு பிளவு இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் ரப்பர் அதன் வழியே பிதுங்கி ஆவி போய்விடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்றையும் கெடுக்க நமக்குத் தெரியும். வால்வு போனால் பாத்திரக் கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை முடுக்கிவிடுவோம். வெயிட் உட்காரும் குழாயை மாதக்கணக்கில் பார்க்க மாட்டோம். மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழாய்க்குள் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரியாவிட்டால் அன்றைக்கு அந்த மூடி வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் ஐ.எஸ். 2347 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021 முதல் வீட்டுக் குக்கர்களுக்கு அது கட்டாயம்.

உள்மூடிக் குக்கரில் ஒரு நிம்மதி உண்டு: ஆவி உள்ளிருந்து மூடியை விளிம்போடு அழுத்திக்கொண்டிருக்கும்வரை யாராலும் திறக்க முடியாது. வெளிமூடியில் அப்படியில்லை. மிச்ச பிரஷரோடு முறுக்கித் திறக்கும் பலசாலிகள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

விசில் குக்கரில் யாரும் பேசாத ஆபத்து இன்னொன்று: கஞ்சி பொங்கி வழிந்து, சிம்மில் எரியும் பர்னரை அணைத்துவிடும். கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். விசில் நின்றுவிட்டதே என்று போய்ப் பார்ப்பதற்குள் சமையலறை முழுக்க வாடை.

கரண்ட் குக்கரில் இந்தப் பேச்சே இல்லை. அழுத்தம் போதுமென்றால் தானே சூட்டைக் குறைக்கும். அடிப்பிடித்துச் சூடு எகிறினால் எச்சரிக்கை காட்டி நிறுத்திக்கொள்ளும். மூடியில் இருக்கும் சின்ன உலோக முளை மேலே நிற்கும்வரை பூட்டு விடாது. அது கீழே விழுந்த பிறகுதான் மூடியைத் திருப்ப வேண்டும். வேகும் நேரத்துப் பாதுகாப்பில் சந்தேகமில்லாமல் இதற்குத்தான் என் ஓட்டு.

ஆனால் திறக்கும் நேரம் வேறு கதை. வாங்கிய இரண்டாவது வாரம், வெண்பொங்கல். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. முடிந்ததாக பீப் அடித்ததுமே ஆவிக் குமிழைத் திறந்துவிட்டேன். முதலில் ஆவி, பின்னாலேயே நெய் மணத்தோடு கொதிக்கிற கஞ்சி. மேலே இருந்த அலமாரிக் கதவு, மசாலா டப்பாக்கள், என் கண்ணாடி எல்லாவற்றிலும் பொங்கல். கை தப்பியது அதிர்ஷ்டம். அரிசி, பருப்பு, பாயசம் மாதிரி நுரைக்கிறவற்றுக்கு ஆவியை அவசரமாக விடக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் தானாக அடங்கவிட்டு, குமிழைக் கரண்டிக் காம்பால் தள்ளி மிச்ச ஆவியை விடலாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அடுப்புக் குக்கருக்கும் இதே அளவுதான். நாம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது நம் கைப்பழக்கத்தால் வருவது. உள்பாத்திரத்தைக் கழுவ எடுத்துவிட்டு, ஞாபகமில்லாமல் அரிசியையும் தண்ணீரையும் நேரே அடித்தட்டின் மேல் கொட்டுவது. சித்தி வீட்டில் நடந்தது. பிளக்கைப் பிடுங்கி, கவிழ்த்து, மெக்கானிக் பார்த்த பிறகுதான் மறுபடி போட்டார்கள். நான் உள்பாத்திரத்தை எடுத்த கையோடு அந்தக் குழிக்கு மேலே ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்துவிடுவேன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பலன் உண்டு.

பிளக் பாயிண்ட்டையும் கவனிக்க வேண்டும். ஆறு லிட்டர் குக்கர் சுமார் 1000 வாட்ஸ் இழுக்கும். 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல். மிக்ஸியும் கெட்டிலும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதையும் செருகினால் பெட்டிதான் முதலில் வேகும். சுவரில் எர்த் உள்ள தனி பாயிண்ட் வேண்டும். சமையல் நடுவே கரண்ட் போனால் பதற வேண்டாம், மூடி பூட்டியேதான் இருக்கும்.

டைமர் வசதியைப் பார்த்து மயங்காதீர்கள். ராத்திரியே கோழியையோ பாலையோ போட்டுக் காலையில் வேக வைக்கச் சொன்னால், அதுவரை அது அறைச்சூட்டில் கெட்டுக்கொண்டிருக்கும். ராஜ்மாவை ஸ்லோ குக்கில் வைப்பதும் தப்பு. அதன் நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், மிதமான சூட்டில் அடங்காது. பிரஷரில் வையுங்கள்.

ரப்பர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: விரிசல் விட்டாலோ தளர்ந்தாலோ மாற்ற வேண்டும். கரண்ட் குக்கரின் சிலிக்கான் வளையம் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். ஒரே வளையத்தில் சாம்பாரும் பாயசமும் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் இரண்டு வைத்திருக்கிறேன்.

அடுப்படியிலேயே நிற்க ஆள் இருக்கிற வீட்டில் விசில் குக்கரை மாற்ற அவசியமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன். நாலு விசிலில் முடிந்துவிடும். வாரநாள் பருப்புக்கு அம்மா எடுப்பது கரண்ட் குக்கர். அதன் பீப் சத்தமும் அவர் காதில் விழுவதில்லை. விழாவிட்டால் என்ன, அது சூடாக வைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கிறது.